55 சிசி பெற்றோல் எஞ்சினுக்கு எந்தச் சைலன்சர்? மூக்குக்குள் இடம் கொஞ்சம், அயலவர் பொறுமை அதைவிடக் கொஞ்சம்

கடற்கரைப்பக்கம் | ஞாயிறு இரவு 9.40

வணக்கம் எல்லோருக்கும். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி, பால்கனிதான் என் வேர்க்‌ஷொப். மூன்று வருஷமாக இழுபட்ட எக்ஸ்ட்ரா 300 ரிமோட் மாடல் விமானம் ஒருவழியாக முடிந்தது. இறக்கை முனைக்கு முனை 2.2 மீட்டர், எஞ்சின் டிஎல்இ 55, பக்கவாட்டு எக்சோஸ்ட். சிலிண்டரைக் கீழ்நோக்கிப் பூட்டியிருக்கிறேன்.

பிரச்சினை சைலன்சர். பெட்டியோடு வந்தது சின்னப் பெட்டி மாதிரி ஒன்று. கவுலிங்கின் (எஞ்சினை மூடும் மூக்கு மூடி) ஒரு கன்னத்தை வெட்டினால்தான் உள்ளே போகிறது. வாய் பக்கவாட்டில் பார்ப்பதால் எண்ணெய் முழுக்க இறக்கையின் அடியில். சத்தத்தைச் சொல்லவே வேண்டாம். ஹொரணை தாண்டி, இறப்பர் மரம் வெட்டி மறுநடுகைக்கு விட்ட ஒரு நிலத்தில் பறக்கவிடுகிறேன். போன போயாவுக்குப் (பௌர்ணமிக்கு) பக்கத்துப் பன்சலையில் (பௌத்த விகாரையில்) பண, அதாவது சமயப் பிரசங்கம், நடப்பது தெரியாமல் ஸ்டார்ட் பண்ணிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் ஒரு ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கோபப்படவில்லை. "மகன், இது மரம் வெட்டுற மெஷினா?" என்று கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

கனிஸ்டர் (நீளமான உருளைச் சைலன்சர்) வாங்கலாம் என்று நினைக்கிறேன், அதுதான் ஆகக் குறைந்த சத்தம் என்கிறார்கள். யாராவது பூட்டியிருக்கிறீர்களா?


மின்சாரப்பறவை | ஞாயிறு இரவு 9.52

பற்றரிக்கு மாறுங்கோ. பண கேட்டுக்கொண்டே பறக்கலாம்.


பல்சாத்தூசி | ஞாயிறு இரவு 11.05

பற்றரிக்காரர் ஒவ்வொரு இழையிலையும் வந்து இதையே சொல்லுவார், விடுங்கோ.

தம்பி, கனிஸ்டர் நல்ல சாமான்தான், நான் மறுக்கேல்லை. ஆனா வாங்க முதல் அளவுநாடாவை எடுங்கோ. கனிஸ்டர் பிளேனின்ர வயித்துக்குள்ள படுக்கிற சாமான். எஞ்சினில இருந்து ஹெடர் குழாய் பின்னால வளைஞ்சு வந்து, கனிஸ்டர் ஃபியூசலாஜுக்கு அடியில ஒரு தொட்டிக்குள்ள இருக்கும். சுத்திவர 12 மி.மீ. ஆவது காத்து ஓட இடைவெளி வேணும். அந்தக் காத்து வெளியில போக பின்பக்கத்தில திறப்பும் வேணும். திறப்பில்லாத தொட்டிக்குள்ள கனிஸ்டர் வைச்சால் போறணைக்குள்ள பாண் வைச்ச மாதிரித்தான். பல்சா மரம் முதல்ல மண்ணிறமாகும், பிறகு கறுக்கும். மேல ஒட்டின ஃபிலிம் அதுக்கு முதலே சுருங்கி வழிஞ்சிடும்.

ரெண்டாவது, எஞ்சின் ஆடும், கனிஸ்டர் ஆடக்கூடாது. ஹெடரை எஞ்சினில இறுக்கமாப் பூட்டோணும், கனிஸ்டரை உடம்பில ரப்பர் வளையத்தில மெத்தெண்டு தாங்கோணும். நடுவில நெளியிற துண்டு ஒண்டு வேணும், ஒண்டில் சுருக்கங்கள் உள்ள ஸ்டீல் குழாய், இல்லாட்டி டெஃப்லோன் இணைப்பு. நைற்றோ எஞ்சினுக்குப் போடுற சிலிக்கன் குழாயைக் கொண்டுவந்து இதில மாட்டாதேங்கோ, பெற்றோல் எஞ்சின் புகைச் சூட்டுக்கு அது தாங்காது. டெஃப்லோனே 260 பாகையோட சரி.

இதெல்லாம் உங்கட பிளேனில ஏலாது எண்டால் பிற்ஸ் வகைச் சைலன்சர்தான் வழி. கிரான்க்கேஸைச் சுத்தி ஃபயர்வோலுக்கு (எஞ்சின் பூட்டுற பலகைக்கு) முன்னால படுத்திருக்கும், ரெண்டு வால்குழாய் கீழ இறங்கும், முழுக்கக் கவுலிங்குக்குள்ள மறைஞ்சுபோகும். ஆனா "55 க்குப் பொருந்தும்" எண்டு போட்டிருக்கிறதை நம்பி வாங்காதேங்கோ. போல்ட் ரெண்டுக்கும் இடைப்பட்ட தூரம், சிலிண்டர் நடுக்கோட்டில இருந்து ஃபயர்வோல் எவ்வளவு, எஞ்சின் பெட்டி எவ்வளவு அகலம், கார்பரேற்றர் கம்பி எந்தப் பக்கத்தால போகுது, பிளக் தொப்பி எங்க முட்டும், இவ்வளவும் பாக்கோணும். பின்பக்க எக்சோஸ்ட் உள்ள 55 க்கு வாற பிற்ஸ் உங்கட பக்கவாட்டு 55 க்கு வராது.

ஒரு வேலை செய்யுங்கோ. ரிஜிபோம் (தெர்மகோல்) துண்டொண்டை அந்த அளவுக்கு வெட்டி, எஞ்சினில நூலால கட்டி, கவுலிங்கை மூடிப் பாருங்கோ. காசு போக முதல் ரிஜிபோம் போகட்டும். நான் இப்பிடிப் பாக்காமல் வாங்கின ஒண்டு இன்னும் அலுமாரிக்கு மேல கிடக்கு.


ரன்வேஇல்லாதவன் | திங்கள் காலை 7.15

முதலில் ஒரு கேள்வி. ரத்மலானைக்கோ வேறு எந்த விமான நிலையத்துக்கோ கிட்ட இல்லையே? ஹொரணை தாண்டி என்றால் சரி. அனுமதி விஷயத்தைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், யாராவது பொலிஸோடு வரும்போது கையில் தாள் இருக்க வேண்டும்.

இனிச் சத்தம். சைலன்சரை மாற்றினால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைக்கிறீர்கள். டெசிபல் அப்படிக் கூடுவதில்லை. உதாரணத்துக்கு, 3 மீட்டரில் எக்சோஸ்ட் மட்டும் 96, ப்ரொப் (முன்னால் சுழலும் இலை) மட்டும் 94 என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் 190 இல்லை, 98 தான். அருமையான சைலன்சர் ஒன்றால் எக்சோஸ்டை 10 டெசிபல் குறைத்து 86 ஆக்கினாலும் மொத்தம் 94.6 இல் நிற்கும். அதாவது இவ்வளவு செலவுக்கும் கைக்கு வருவது மூன்றரை டெசிபல். மிச்சம் முழுவதும் ப்ரொப்.

உங்களுடையது 22 அங்குலம், தரையில் 7,000 சுற்று என்று எடுத்தால் முனை விநாடிக்கு 205 மீட்டர் ஓடுகிறது. நம்மூர் 30 பாகை வெயிலில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 349 மீட்டர். அதில் 0.6 பங்குக்குக் கிட்ட வந்துவிட்டீர்கள், அங்கேதான் ப்ரொப் அலறத் தொடங்கும். 23க்கு 8 (விட்டம் 23 அங்குலம், ஒரு சுற்றுக்கு 8 அங்குலம் முன்னேறும் முறுக்கு) போட்டு 6,500 இல் சுற்றினால் 199 ஆகும். மூன்று இலை 20 அங்குலம் என்றால் அதே 7,000 இல் 186. இதைச் செய்யாமல் சைலன்சரில் மட்டும் காசு கொட்ட வேண்டாம்.

பன்சலை எவ்வளவு தூரம்? தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும். 3 மீட்டரில் 96 என்றால் 300 மீட்டரில் வெறும் கணக்குப்படி 56, அதுவே அமைதியான தோட்டத்தில் தெளிவாகக் கேட்கும். எஃப்3ஏ (மாடல் விமான வித்தைப் பறப்பு) போட்டிகளில் நெடுங்காலம் இருந்த எல்லை 3 மீட்டரில் கொங்கிரீட் தரைக்கு 94, புல்லுக்கு 92. அதை உங்கள் குறியாக வைத்துக்கொள்ளலாம்.


கடற்கரைப்பக்கம் | செவ்வாய் இரவு 10.20

பன்சலை 400 மீட்டர் இருக்கும். அதைவிட ஐயாவின் வீடுதான் கிட்ட.

அளந்து பார்த்தேன். அடியில் கனிஸ்டருக்கான தொட்டி விமானக் கிட்டோடேயே (பாகத் தொகுதியோடு) வந்திருக்கிறது, ஆனால் அகலம் 70 மி.மீ. நான் பார்த்து வைத்த கனிஸ்டர் 60. அப்படியென்றால் பக்கத்துக்கு 5 மி.மீ. மட்டும். கனிஸ்டர் கனவு அதோடு முடிந்தது.

ரிஜிபோம் பிற்ஸ் செய்தேன், அம்மாவின் ஐஸ் பெட்டி மூடிதான் பலி. வலது பக்கம் எஞ்சின் பெட்டியோடு உரசுகிறது, மற்றபடி மூடுகிறது. வெளிநாட்டில் எடுப்பித்தால் கப்பல் காசும் சுங்கமும் சேர்ந்து சைலன்சர் விலையைத் தாண்டுகிறது. ட்யூன்ட் பைப் (எஞ்சின் சுற்றுக்குப் பொருந்தும் நீளத்தில் செய்த எக்சோஸ்ட் குழாய்) பற்றி யாரும் சொல்லவில்லையே, அது எப்படி? இல்லாவிட்டால் இங்கேயே செய்விக்க முடியுமா?


ரன்வேஇல்லாதவன் | செவ்வாய் இரவு 10.48

ட்யூன்ட் பைப் உங்களுக்கில்லை. போர்ட் (சிலிண்டரில் புகை வெளியேறும் வாய்) ஒரு சுற்றில் 160 பாகை திறந்திருக்கிறது, வாயுவுக்குள் ஒலி விநாடிக்கு 518 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 7,000 சுற்றுக்கு போர்ட்டிலிருந்து எதிரொலிக்கும் கூம்பு வரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வரும். குழாயைக் குறைத்தால் சுற்றைக் கூட்ட வேண்டும். சுற்றைக் கூட்டினால் ஐயா மறுபடி வருவார்.


லேத்நானா | புதன் மதியம் 1.30

செய்யலாம் தம்பி. பஞ்சிகாவத்தையில நம்ம கடைக்கு ரெண்டு கடை தள்ளி ஆர்கன் வெல்டிங் பாஸ் (கைவேலைக்காரர்) ஒருத்தர் இருக்கார், கை சுத்தம். 304 ஸ்டெய்ன்லெஸ் ஷீற் பழைய சோனகத் தெருவில எடுக்கலாம். ஒரு மி.மீ. போடாதீங்க, பாரம் கூடும். 0.6 போதும். எஞ்சினில போல்ட் போட்டுப் பூட்டுற பிளான்ஜுக்கு மட்டும் 5 மி.மீ. தட்டு.

ஆனா உடையிற இடம் எதுன்னு இப்பவே சொல்லிடுறேன். தடிச்ச பிளான்ஜும் மெல்லிசுக் குழாயும் சேர்ற அந்த வெல்டிங் ஓரம். போன வருஷம் ஒருத்தர் எங்கயோ செய்வித்த சைலன்சரைக் கொண்டுவந்தார், சுத்திவர மயிர் மாதிரி வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பும் ஒரே இடத்தில. அந்த ஓரத்துக்கு ரெண்டு முக்கோணத் துண்டு வச்சு வெல்ட் பண்ணணும். சைலன்சரோட மற்ற முனையையும் எஞ்சினிலயே ஒரு பட்டையால பிடிக்கணும். எஞ்சினில, விளங்குதா? ஃபயர்வோல்ல இல்ல. எஞ்சினோட சேர்ந்து ஆடுற சாமானை மரத்தில கட்டினா ரெண்டுல ஒண்டு உடையும்.

வெல்டிங் சூட்டில பிளான்ஜ் கட்டாயம் வளையும். கண்ணாடித் தட்டில 400 நம்பர் எமரி பேப்பரை வச்சு, பிளான்ஜை எட்டுப் போடுற மாதிரி தேயுங்க. முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் வாற வரைக்கும். நடுவில ஒரு பளபளப்பு மிஞ்சினா அது பள்ளம்.

போல்ட் எம்5 தானே? ஸ்டெய்ன்லெஸ் அழகா இருக்கும், வேணாம். ஏ2-70 போல்ட்டோட இழுவை பலம் 700 மெகாபாஸ்கல், கறுப்பு 12.9 போல்ட் 1,200. இந்த இடத்தில அழகு பாக்க முடியாது.


பல்சாத்தூசி | புதன் மாலை 6.10

நானா சொல்லுறது எல்லாம் சரி. முகம் சரியாத் தேய்ச்சால் கேஸ்கெட்டே தேவையில்லை. செப்பு நிற ஆர்டிவி சிலிக்கன் பசை மெல்லிசாப் பூசிப் பூட்டி, ஒரு நாள் காய விட்டால் போதும். கடதாசிக் கேஸ்கெட் போட்டால் சூட்டில அமுங்கும், அமுங்கின உடன போல்ட் தளரும். போல்ட்டுக்கு உயர்சூட்டு லொக்டைட் (மரை கழராமல் பிடிக்கிற பசை). நான் இருபது வருஷமா அப்பிடித்தான்.


லேத்நானா | புதன் இரவு 8.45

கேஸ்கெட் விஷயம் ஒத்துக்கிறேன். லொக்டைட் விஷயம் ஒத்துக்க மாட்டேன் அண்ணே. நீல லொக்டைட் 150 பாகையோட சரி, சிவப்பில உயர்சூடு வகை 230 வரைக்கும். எக்சோஸ்ட் போர்ட் வாயில அதுக்கு மேல போகும். பசை கருகினதுக்குப் பிறகு போல்ட்டைப் பிடிக்கிறது எது?

போல்ட் ஒரு ஸ்பிரிங். இழுபட்டு நிக்கிறதாலதான் பிடிக்குது. 10 மி.மீ. போல்ட் இழுபடுறது கொஞ்சம், பிளான்ஜ் துளி தேய்ஞ்சாலும் இறுக்கம் போயிடும். அதே போல்ட் 35 மி.மீ. நீளமா இருந்தா இழுபடுறது கூட, துளி தேய்ஞ்சாலும் இறுக்கம் மிஞ்சும். அதனால போல்ட் தலைக்குக் கீழ 18, 20 மி.மீ. நீளத்துக்கு ஒரு ஸ்டீல் புஷ் (குழாய்த் துண்டு) போடுங்க. தலையும் சூட்டில இருந்து தள்ளி நிக்கும், அலன் கீ போறதுக்கும் வசதி. புஷ்ஷுக்கும் தலைக்கும் நடுவில நோர்ட்லொக் மாதிரி பல் வச்ச ஜோடி வாஷர். சாதாரண ஸ்பிரிங் வாஷர் சூட்டில வெந்து தட்டையாகிடும். புஷ் நான் கடைஞ்சு தாறேன், காசு வேணாம்.


பல்சாத்தூசி | புதன் இரவு 9.30

நான் பூட்டினது எல்லாம் ஒவ்வொரு நாளும் பறக்க முதல் அலன் கீ வைச்சுப் பாப்பன். அதால எனக்குத் தளரேல்லைப் போல. சரி, புஷ்ஷும் போடட்டும். எனக்கும் ரெண்டு கடைஞ்சு வையுங்கோ நானா.


கடற்கரைப்பக்கம் | மூன்று கிழமைக்குப் பிறகு, சனி இரவு

மன்னிக்கவும், மழை விடவில்லை. பிற்ஸ் வந்துவிட்டது. பாஸ் செய்த வேலை தங்கம். பாரம் 240 கிராம், பழையது 80 தான். 160 கிராம் மூக்கில் கூடியதால் பற்றரிகளைப் பின்னால் தள்ளி பலன்ஸைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். இக்னிஷன் பெட்டியையும் பெற்றோல் குழாயையும் மற்றப் பக்கம் மாற்றினேன். வால்குழாய்கள் கவுலிங்குக்கு வெளியே 15 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கின்றன, வாயைப் பின்பக்கம் சரித்து வெட்டியிருக்கிறேன். வயிறு இப்போது காய்ந்து கிடக்கிறது.

தரையில் ஓட்டிப் பார்த்தேன். டக்கோமீற்றர் (சுற்று எண்ணும் கருவி) சரியா என்று முதலில் பார்த்துக்கொண்டேன், அது ஒரு நல்ல தந்திரம்: பழைய சோக் ட்யூப்லைற்றுக்குக் காட்டினால், நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கு இரண்டு இலை அமைப்பில் 3,000 காட்ட வேண்டும். காட்டியது. 22க்கு 8 ப்ரொப், பழைய சைலன்சர் 6,900. பிற்ஸ் 6,720, மேல் சுற்றில் கரகரவென்று இருந்தது. கார்பரேற்றரின் எச் ஊசியை (மேல் சுற்றுக்குப் பெற்றோல் விடுவது) துளித்துளியாக அடைத்ததும் 6,850 வந்தது. 50 சுற்றுக்கு அழ மாட்டேன்.

ஆனால் கவுலிங் போட்டு நான்கு நிமிஷம் ஓட்டியதும் 300 சுற்று தானாக விழுகிறது. ஊசியைத் திறந்தும் சரிவரவில்லை. எண்ணெய் லீற்றருக்கு 31 மில்லி, அதாவது 32க்கு 1. பெற்றோல் 92 தான். என்ன பிழை?


பல்சாத்தூசி | சனி இரவு 11.15

எண்ணெயில பிழை இல்லை, 92 போதும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் காட்டிக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் எடுத்த நேரம் நான் பிளேனுக்கு ஒரு சொட்டும் ஊத்தேல்லை, அதுக்குப் பிறகு எந்தப் பெற்றோல் கிடைச்சாலும் எனக்கு அமிர்தம்தான். உங்கட பிரச்சினை சூடு. பிற்ஸ் ஒரு அடுப்பு, அதைக் கவுலிங்குக்குள்ள மூடி வைச்சிருக்கிறீங்கள். எவ்வளவு காத்து உள்ள வருது, எவ்வளவு வெளிய போகுது?


கடற்கரைப்பக்கம் | ஞாயிறு காலை 8.00

முன்னால் இரண்டு துளை, ஒவ்வொன்றும் 40 சதுர செ.மீ. அடியில் வெளியேறும் இடம் 70.


ரன்வேஇல்லாதவன் | ஞாயிறு காலை 8.40

80 உள்ளே, 70 வெளியே. சூடான காற்று விரியும், அதற்கு வாசல் இன்னும் சின்னது. தலைகீழாக வேண்டும்: வெளியேறும் பரப்பு உள்ளே வருவதைப் போல இரண்டு மடங்காவது, முடிந்தால் மூன்று. முன்துளைகளில் சிலிண்டருக்கு நேரே காற்று போகாத பகுதியை மெல்லிய பிளைவூட்டால் அடையுங்கள். 40 மட்டும் திறந்திருக்கட்டும், ஆனால் அந்த 40 உம் சிலிண்டர் செதில்களுக்குள்ளாகவே போக வேண்டும். செதிலைச் சுற்றி 5, 6 மி.மீ. விட்டு ஒரு தடுப்புப் போடுங்கள். காற்று சோம்பேறி, சுற்றிப் போக வழி இருந்தால் செதிலுக்குள் நுழையாது. அடியில் திறப்பை 120 ஆக்குங்கள். அதன் முன்விளிம்பில் ஒரு செ.மீ. உதடு கீழே சரிந்திருந்தால் பறக்கும்போது அது உள்ளிருந்து காற்றை உறிஞ்சும்.

தரையில் கவுலிங்கோடு நான்கு நிமிஷம் முழு வேகத்தில் ஓட்டுவதும் அநியாயம். பறக்கும்போது கிடைக்கும் காற்று அங்கே இல்லை.


கடற்கரைப்பக்கம் | அடுத்த கிழமை, ஞாயிறு இரவு 9.10

வெட்டினேன். மூன்று வருஷம் பார்த்துப் பார்த்துப் பெயின்ற் அடித்த கவுலிங்கில் டிரெமல் வைக்கக் கை நடுங்கியது. ஆனால் சூடு போய்விட்டது. ஐந்து தடவை பறந்தேன், கடைசி நிமிஷம் வரை ஒரே சுற்று.

ஆறாவதில் நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன். மேலே ஒரு திருப்பத்தில் சத்தம் பட்டென்று மாறியது, உலர்ந்த பனையோலையை யாரோ உதறுவது போல. திறொட்டிலைக் குறைத்து நேரே இறக்கினேன். கவுலிங்கைக் கழற்றினால் ஒரு போல்ட் இல்லவே இல்லை. மற்றது விரலால் சுழல்கிறது. பிளான்ஜ் இடுக்கால் நெருப்பு அடித்து, கவுலிங்கின் உள்பக்கம் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குக் கறுத்து, வெளியே பெயின்ற் கொப்பளித்திருக்கிறது. ஒரு சாண் தள்ளித்தான் பெற்றோல் குழாய். அதைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன். நானா புஷ் கடைந்து போன் பண்ணியும் நான் போய் எடுக்கவில்லை. சின்ன போல்ட்டில் லொக்டைட் போட்டுப் பூட்டினேன், ஞாயிறு பறக்கும் அவசரம். ஒரு தடவைகூட அலன் கீ வைத்துப் பார்க்கவில்லை.


லேத்நானா | ஞாயிறு இரவு 9.35

புஷ் மேசையிலதான் கிடக்கு, ரெண்டு கிழமையா. போல்ட் துளையில மரை எப்படி ஈக்குது, அதச் சொல்லுங்க முதல்ல.


கடற்கரைப்பக்கம் | ஞாயிறு இரவு 9.50

மேல் இரண்டு மரை தேய்ந்திருக்கிறது. உள்ளே சரி போலிருக்கிறது.


லேத்நானா | ஞாயிறு இரவு 10.02

போலிருக்குன்னு விட ஏலாது. எஞ்சினை மட்டும் கழட்டிட்டு வாங்க, ரெண்டு துளைக்கும் ஹெலிகொயில் (கம்பிச் சுருளில செஞ்ச புது மரை) போட்டுடுவோம், அரை மணித்தியால வேலை. புஷ்ஷும் 35 மி.மீ. போல்ட்டும் தாறேன். பூட்டி ஒரு தடவை சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி இறுக்கணும். முதல் நாள் ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் பாருங்க. செவ்வாய் வாங்க, திங்கள் எனக்கு வத்தளையில வேலை.


பல்சாத்தூசி | ஞாயிறு இரவு 10.30

தலையில துளை போட்டுக் கம்பியும் கட்டுங்கோ. கம்பி இறுக்கத்தைக் காப்பாத்தாது, ஆனா போல்ட் கழண்டு பறந்து ப்ரொப்பில படாது.


மின்சாரப்பறவை | ஞாயிறு இரவு 10.41

நான் ஒண்டும் சொல்லேல்லை.


கடற்கரைப்பக்கம் | பத்து நாளைக்குப் பிறகு

புஷ், நீட்டுப் போல்ட், ஜோடி வாஷர், கம்பி எல்லாம் போட்டாயிற்று. ப்ரொப்பையும் 23க்கு 8 ஆக்கினேன், 6,480 சுற்று. பதினான்கு பறப்பு. முதல் சூட்டுக்குப் பிறகு கால் சுற்று இறுகியது, அதற்குப் பிறகு அலன் கீ அசையவில்லை. போன் அப்பில் 3 மீட்டரில் புல்லில் 95 காட்டியது. போனை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு கதை, ஆனால் அதே போன், அதே இடம், முன்பு 101.

ஐயா இந்தத் தடவை வரவில்லை. பேரனை அனுப்பியிருந்தார், எத்தனை மணிக்கு முடிப்பீர்கள் என்று கேட்கச் சொல்லி. நாலு மணி என்றேன். நாலுக்கு முடித்தேன்.


லேத்நானா | அதே நாள் இரவு

அந்தப் பழைய சின்னச் சைலன்சரை எறிஞ்சிடாதீங்க தம்பி. இங்க ஒருத்தர் 55 ஐ வெட்டுமெஷினில மாட்டப் பாக்கிறார், பிளான்ஜ் அளவு எடுக்கணும்.